மாக்கோழியும் நஞ்சு விருந்தும்
யசோதர காவியத்தில் ஒரு கொலை மனம்

மலருக்குக் கட்டுரை கேட்டு நம் சங்கச் செயலாளர் தொலைபேசியில் அழைத்தார். "யசோதர காவியத்தில் புருஷனுக்கு விஷம் வைத்த ராணியைப் பற்றி எழுதட்டுமா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. "பொங்கல் மலர் சார், நல்ல நாளும் அதுவுமா விஷமா?" என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் விருந்து நாளில்தான் அந்த ராணியும் விஷம் வைத்தாள். அதனால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. நான் தமிழ்ச் சமணன். வந்தவாசிப் பக்கத்துக் கிராமம். பொன்னூர் மலையைப் பார்த்து வளர்ந்தவன். 1980இல் கல்கத்தாவுக்கு வந்து, போஸ்தாவில் ஒரு பருப்பு மண்டியில் கணக்கெழுதி, பிறகு சொந்தமாக வியாபாரம் செய்து பிழைத்தவன். கல்லூரிப் படிப்பு கிடையாது. கடை அடைத்த பிறகு ராத்திரியில் படித்ததுதான் படிப்பு. ஆகவே அறிஞர்கள் இதில் குறை கண்டால் திருத்த வேண்டுகிறேன்.

கதைச் சுருக்கம்

ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்று யசோதர காவியம். ஐந்து சருக்கம், முந்நூற்றுச் சொச்சம் பாட்டு. பாடியவர் பெயர் தெரியவில்லை. வடமொழியில் 959இல் சோமதேவர் யசஸ்திலகம் எழுதினார்; பிறகு வாதிராஜரும் இதே கதையைச் செய்தார். கன்னடத்தில் ஜன்னன் 1209இல் பாடினான். நம் காலத்தில் கிரீஷ் கர்னாட் இதை நாடகமாக்கினார். இத்தனை பேர் ஒரே கதையைத் திரும்பத் திரும்பத் தொட்டிருக்கிறார்கள் என்றால், அதில் ஏதோ ஒரு முள் இருக்கிறது என்றுதானே பொருள்?

அவந்தி நாட்டு உஞ்சயினி. அரசன் யசோதரன், அரசி அமிர்தமதி, அரசனின் தாய் சந்திரமதி. ஓர் இரவு யானைக் கொட்டிலிலிருந்து ஒரு பாட்டு வருகிறது. பாடுகிறவன் அட்டபங்கன் என்னும் பாகன். உடல் கோணியவன், பார்க்க விகாரமானவன். பாட்டைக் கேட்ட அரசி அவனிடம் மனத்தைக் கொடுத்துவிடுகிறாள். ஒரு நாள் அரசன் பின்தொடர்ந்து போய்க் கண்ணாலேயே பார்த்துவிடுகிறான். வாளை ஓங்கியவன் வெட்டாமல் திரும்பி விடுகிறான்.

வெட்டாமல் விட்டது நல்லது. ஆனால் பேசாமலும் விட்டான். மறுநாள் முகம் வாடியிருப்பதைப் பார்த்துத் தாய் கேட்கிறாள். உண்மையைச் சொல்லாமல் "கெட்ட கனவு கண்டேன்" என்கிறான். தாய் அதை மெய்யென்று நம்பி, சண்டமாரிக்கு உயிர்ப்பலி கொடுத்தால் தோஷம் தீரும் என்கிறாள். கொலை பாவம் என்று மகன் மறுக்கிறான். கடைசியில் ஒரு சமரசம்: மாவினால் ஒரு கோழி செய்து அதைப் பலியிடுவது. பலியிடுகிறான். வெட்டுண்ட மாக்கோழி உயிருள்ளது போலவே கூவுகிறது.

அரசன் மனம் வெறுத்து, மகன் யசோமதிக்கு முடிசூட்டித் துறவு போக நினைக்கிறான். தன் களவு தெரிந்துவிட்டது என்று ஊகித்த அமிர்தமதி, "விருந்துண்டு போகலாம்" என்று அழைக்கிறாள். மாமியாருக்கும் புருஷனுக்கும் நஞ்சு கலந்து போடுகிறாள். இருவரும் சாகிறார்கள். பிறகு மயில், நாய், முள்ளம்பன்றி, பாம்பு, மீன், முதலை, ஆடு, எருமை, கோழி என்று இருவரும் பிறவி பிறவியாக அலைகிறார்கள். மீனாய்ப் பிறந்தபோது அரசனுக்கு மகன் செய்யும் திதிக்கு அவனே சமைக்கப்படுகிறான். கடைசியில் அபயருசி, அபயமதி என்று இரட்டைப் பிள்ளைகளாய்ப் பிறந்து, தங்களைப் பலியிட வந்த மாரிதத்தன் என்ற அரசனுக்கு இந்தக் கதையைச் சொல்லி அவனைத் திருத்துகிறார்கள்.

'பெண்புத்தி' என்று முடித்துவிடலாமா?

எங்கள் ஊரில் பெரியவர்கள் இந்தக் கதை சொல்லும்போது இரண்டு பாடம் சொல்வார்கள். ஒன்று, பொம்மையானாலும் பலியிடாதே. இரண்டு, பெண்ணை நம்பாதே. முதல் பாடம் சரி. இரண்டாவது எனக்கு ஒட்டவே இல்லை.

விஷம் பெண்ணின் ஆயுதம் என்று உலகம் முழுக்கச் சொல்கிறார்கள். பிரான்சில் 1676இல் தண்டிக்கப்பட்ட பிரின்வில்லியே சீமாட்டி தன் தகப்பனாரையும் சகோதரர்களையும் விஷத்தால் கொன்றவள். அவள் கதையை எல்லாரும் சொல்வார்கள். இங்கிலாந்தில் 1856இல் தூக்கிலிடப்பட்ட வில்லியம் பாமர் ஆண், அதுவும் டாக்டர். 2000இல் தண்டனை பெற்ற ஹரால்ட் ஷிப்மனும் ஆண், டாக்டர். வலி தீர்க்கும் மருந்தையே ஊசியில் அதிகமாக ஏற்றி, இருநூறுக்கு மேற்பட்ட நோயாளிகளைக் கொன்றதாக விசாரணைக் குழு கண்டது. ஆக, விஷத்துக்கு ஆண் பெண் கணக்கில்லை. யார் கையால் மற்றவர் யோசிக்காமல் வாங்கிச் சாப்பிடுகிறாரோ, அவர் கையில் அது ஆயுதமாகிறது. வீட்டில் சமையல் பெண் கையில் இருந்தது, வைத்தியம் ஆண் கையில் இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இங்கே காவியத்தின் மேலும் எனக்குக் குறை உண்டு. அரசி காதலில் விழும் இடத்தைக் கவிஞர் விரித்துப் பாடுகிறார். நஞ்சு கலக்கும் இடமோ சட்டென்று முடிந்துவிடுகிறது. அந்த அடுப்பங்கரையில் அவள் மனசில் என்ன ஓடியது என்று சொல்லவில்லை. பிறகு அவளுக்குத் தொழுநோய் வந்தது, நரகம் போனாள் என்று கணக்கை முடித்துவிடுகிறார். தொழுநோய் ஒரு கிருமியால் வருவது என்று 1873இல் ஹான்சன் கண்டு சொல்லிவிட்டார். இன்று மருந்தால் குணமாகிறது. நோயாளியைப் பாவி என்று சொல்லும் அந்த இடத்தையும், கோணல் உடம்பைக் கேலி செய்யும் இடத்தையும் இன்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, அது அந்தக் காலத்து அறியாமை என்று சேர்த்தே சொல்ல வேண்டும். சமய நூல் என்பதற்காக மழுப்பக் கூடாது.

அப்படியானால் விஷம் வைக்கிறவர் மனசு எங்கே இருக்கிறது? காவியத்திலேயே இருக்கிறது, ஆனால் அரசியின் பக்கத்தில் தேடினால் கிடைக்காது. அதைக் காண இரண்டு மெய்யான வழக்குகளைப் பார்த்துவிட்டுத் திரும்புவோம்.

ஆக்ராவும் ஹவுராவும்

ஆக்ராவில் 1911 அக்டோபரில் எட்வர்ட் ஃபுல்லம் என்ற ராணுவக் கணக்கு அதிகாரி இறந்தார். அவர் மனைவி அகஸ்டாவுக்கும் ஹென்றி கிளார்க் என்ற டாக்டருக்கும் தொடர்பு. மீரட்டில் இருந்தபோதே கிளார்க் தபாலில் பொட்டலம் அனுப்புவார். இவள் கணவனுக்குச் சாப்பாட்டில் கலந்து கொடுப்பாள். உள்ளே இருந்தது ஆர்சனிக் பாஷாணம். ஒரு வருஷம் கழித்துக் கிளார்க்கின் மனைவியைக் கூலியாட்கள் வெட்டிக் கொன்ற வழக்கில் போலீஸ் வீட்டைச் சோதித்தபோது, ஒரு தகரப் பெட்டி நிறைய அகஸ்டா எழுதிய கடிதங்கள் கிடைத்தன. 1913இல் கிளார்க் தூக்கிலிடப்பட்டார். அகஸ்டா 1914இல் நைனி சிறையில் இறந்தாள்.

அந்தக் கடிதங்களைப் பற்றிப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது கொலைத் திட்டம் அல்ல. அந்தப் பொட்டலங்களுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர். டானிக் பவுடர்! வீட்டு விஷயம், பிள்ளைகள் விஷயம், அன்பு விசாரிப்பு எல்லாவற்றுக்கும் நடுவே டானிக்கும் ஒரு விஷயம். இரண்டு பேருக்கும் உண்மை தெரியும். யாரை ஏமாற்ற இந்தப் பெயர்? தங்களையேதான்.

இரண்டாவது வழக்கு நம் ஊர். ஹவுரா ஸ்டேஷனில் எத்தனை தடவை ரயில் ஏறியிருப்போம்! 1933 நவம்பர் 26 அன்று அதே ஸ்டேஷனில் பாகூர் ஜமீன்தார் குடும்பத்து இளைஞர் அமரேந்திர பாண்டே ரயிலேறப் போனார். கூட்டத்தில் கதர் உடுத்திய ஒருவன் உரசிப் போனான். கையில் சுருக்கென்று ஏதோ குத்தியது. டிசம்பர் 4 அன்று இறந்தார். ரத்தத்தைச் சோதித்ததில் பிளேக் கிருமி! சொத்துத் தகராறில் மாற்றாந்தாய் வயிற்று அண்ணன் வினயேந்திரனும், தாராநாத் என்ற டாக்டரும் பம்பாய் வரை போய்க் கிருமி தேடியது விசாரணையில் தெரிந்தது. 1935இல் இருவருக்கும் மரண தண்டனை. மறு வருஷம் ஹைகோர்ட்டு அதை ஆயுள் தண்டனையாக மாற்றியது. தம்பியை வழியனுப்ப அண்ணன் அன்று ஸ்டேஷனுக்கே வந்திருந்தான் என்பதுதான் இதில் கொடுமை. குத்தியவன் வேறு ஆள், கொன்றது கிருமி. தான் தம்பியை வழியனுப்ப மட்டுமே வந்தவன்! கிருமியும் பாஷாணமும் வேறு வேறுதான். ஆனால் இந்த மனசும் அந்த டானிக் மனசும் ஒன்றே.

இப்போது மாக்கோழிக்குத் திரும்புங்கள். "இது கோழி இல்லை, மாவு" என்று யசோதரன் சொன்னானே, அதுவும் இதே மனசுதான். கொல்கிற எண்ணம் வேண்டும், ஆனால் கொலை என்கிற பெயர் வேண்டாம். அதற்கு ஒரு மாற்று உருவம் வேண்டியிருக்கிறது. அவனுக்கு மாவு, அவளுக்கு விருந்து, அகஸ்டாவுக்கு டானிக். கவிஞர் அரசியின் அடுப்பங்கரை மனசைச் சொல்லாமல் விட்டார் என்று குறைப்பட்டேன். உண்மையில் அதைத்தான் அவர் கோயில் வாசலில், அரசன் கையில் வைத்துக் காட்டிவிட்டார் என்று இப்போது நினைக்கிறேன். பலியும் விருந்தும் அடுத்தடுத்து வருவது தற்செயல் இல்லை. விஷத்தால் செத்தவர்களே ஏன் விலங்காய்ப் பிறந்து அவதிப்பட வேண்டும், இது என்ன நியாயம் என்று வாசகர் கேட்பார்கள். சமண மரபு எண்ணக் கொலையையும் கொலையாகவே எண்ணும் என்பது அதற்குப் பதில். ஆனால் அது மட்டுமே பதில் இல்லை. அந்த வீட்டில் மூன்று பேருமே உண்மையை வேறு உருவத்தில் மறைத்தவர்கள். அவன் கண்டதைக் கனவு என்றான். தாய் கொலையைச் சாந்தி என்றாள். மனைவி நஞ்சை விருந்து என்றாள்.

முகத்தில் தெரியுமா?

விஷம் வைக்கிறவனை முகத்தில் கண்டுபிடித்துவிடலாம் என்று நம் முன்னோர் நம்பினார்கள். வாய் உலர்தல், பேச்சுத் தடுமாறுதல், வியர்த்தல், கொட்டாவி, நடுக்கம், நிற்கிற இடத்தில் நிற்காமை என்று கௌடிலியர் பட்டியல் போடுகிறார். சுசுருதரும் கல்பஸ்தானத்தில் இதேபோல் சொல்கிறார்: கேட்டதற்குப் பதில் சொல்லமாட்டான், காரணமில்லாமல் சிரிப்பான், விரலை நெட்டி முறிப்பான், தரையைக் கீறுவான். ஆனால் வைத்தியர் வைத்தியர்தான். அரசனுக்குப் பயந்து குற்றமில்லாதவனும் இப்படி நடந்துகொள்ளக்கூடும், அதனால் சோற்றையும் சோதித்துப் பார் என்று கூடவே எழுதுகிறார்.

அந்த ஒரு வரிக்காகவே சுசுருதரைக் கும்பிடலாம். சோற்றைச் சோதிக்கும் வழி உலகத்துக்குச் சரியாகக் கிடைக்க வெகுகாலம் ஆயிற்று. பாஷாணத்தின் அறிகுறி வாந்தி, பேதி. பார்த்தால் காலரா மாதிரியே இருக்கும். 1836இல் ஜேம்ஸ் மார்ஷ் என்ற ரசாயன நிபுணர் உடலில் துளி ஆர்சனிக் இருந்தாலும் காட்டிக்கொடுக்கும் சோதனையை வெளியிட்டார். 1840இல் பிரான்சில் மரீ லஃபார்ஜ் வழக்கில் அது சாட்சி சொன்னது. அதுவரை முகத்தைப் பார்த்து எத்தனை அப்பாவிகளைத் தண்டித்தார்களோ, எத்தனை குற்றவாளிகள் சிரித்த முகத்தோடு தப்பினார்களோ!

என் கடையில் நடந்தது

இனிச் சொல்வது சொந்தக் கதை. 1986இல் மண்டி வேலையோடு ஹவுரா பக்கம் ஒரு சில்லறைக் கடையும் வைத்திருந்தேன். அதில் எலி மருந்தும் விற்றேன். ஒரு வாடிக்கைக்காரர், நாற்பது வயசு இருக்கும், மரியாதையானவர். என்னை "தாதா" என்றுதான் கூப்பிடுவார். ஒரே மாதத்தில் இரண்டு தடவை எலி மருந்து வாங்கினார். இரண்டாம் தடவை வந்தபோது, காய்ச்சலில் கிடந்த என் மகளைப் பற்றி விசாரித்தார். டாக்டரை மாற்றிப் பாருங்கள் என்று யோசனையும் சொன்னார். மூன்று வாரம் கழித்து அவருடைய வயதான தகப்பனார் இறந்துவிட்டார். அக்கம்பக்கத்தார் சந்தேகம் கிளப்ப, போலீஸ் என் கடைக்கும் வந்து கேட்டது. தெரிந்ததைச் சொன்னேன். வழக்கு நிற்கவில்லை. அவர் குடும்பத்தோடு வேறு ஊர் போய்விட்டார்.

அவர் செய்தாரா, இல்லையா? இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் முகத்தை எத்தனை ராத்திரி நினைத்துப் பார்த்திருப்பேன்! வியர்வை இல்லை, தடுமாற்றம் இல்லை. ஆனால் அது எதற்கும் சாட்சி ஆகாது. நிஜமாகவே வீட்டில் எலி இருந்திருக்கலாம். அந்த மனிதரை மனசுக்குள் நான் குற்றவாளி ஆக்கினால் அதுவும் ஓர் எண்ணக் கொலைதான். சுசுருதர் வரி எனக்காக எழுதியதுபோல் இருக்கிறது.

என் பங்குக்கு வருகிறேன். தத்துவார்த்த சூத்திரத்துக்குப் பூஜ்யபாதர் எழுதிய சர்வார்த்தசித்தியில், கொலைக்கு உதவும் பொருளைப் பிறருக்குக் கொடுப்பதை வீண் தீமைகளில் ஒன்றாகச் சொல்கிறார். அந்தப் பட்டியலில் முதலில் நிற்பது நஞ்சு. முள், ஆயுதம், நெருப்பு எல்லாம் அப்புறம்தான். ஸ்ராவகன் விஷ வியாபாரம் செய்யக்கூடாது என்று சுவேதாம்பர மரபிலும் உண்டு; பாரா பஜார் மார்வாடி நண்பர்கள் வாய்ப்பாடு மாதிரிச் சொல்வார்கள். இதெல்லாம் தெரிந்தும் நான் விற்றேன். எப்படி விற்க முடிந்தது? அதன் பெயர் 'மருந்து' என்பதால்தான்!

கவனித்துப் பாருங்கள். எலி மருந்து, பூச்சி மருந்து என்கிறோம். எலி விஷம் என்று வாய் வருவதில்லை. இந்தியில் தவா, வங்காளியில் ஓஷுத். ஊர்ப்பக்கம் ஒருவருக்குத் தெரியாமல் எதையாவது கலந்து கொடுத்தால் "மருந்து வைத்துவிட்டார்கள்" என்கிறார்கள். ஆக்ராவின் டானிக் ஏதோ வெள்ளைக்காரர் தந்திரம் என்று நினைக்க வேண்டாம். நம் மொழிகளே மாக்கோழி செய்து கையில் கொடுக்கின்றன.

கடையில் எலி மருந்து விற்பதை அந்த வருஷமே நிறுத்தினேன். பெருமையாகச் சொல்லிக்கொள்ள வழியில்லை. மண்டியில் பருப்பு மூட்டைக்கு வண்டு வராமல் இருக்க மாத்திரை வைக்க வேண்டும். மூன்று கிராம் மாத்திரை. காற்றுப் பட்டால் நஞ்சு வாயுவாகும். நான் கையால் வைக்கமாட்டேன். அதற்கென்று ஆள் வைத்திருந்தேன். அவன் வந்து வைத்துவிட்டுக் கதவைச் சாத்துவான். நான் அன்றைக்கு மண்டிப் பக்கமே போகமாட்டேன். இந்தக் கட்டுரையின் முதல் படியை என் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அந்த மாத்திரை ஆளைப் பத்தி எழுதலையே?" என்றாள். எழுதாமல் விட்டிருந்தேன். அவள் சொல்லித்தான் இந்தப் பத்தியைச் சேர்த்தேன்.

இல்லறத்தானுக்குத் தொழிலில் நேரும் இம்சையை நூல்கள் ஓரளவு மன்னிக்கின்றன, எனக்கும் தெரியும். வண்டு விழுந்த பருப்பை உங்கள் வீட்டுக்கு விற்க முடியாது என்பதும் உண்மை. ஆனாலும் மாத்திரை வைப்பது ஒன்று, அதைப் பார்க்காமல் இருக்க ஆள் வைப்பது இன்னொன்று. முதலாவதற்குத் தொழில் காரணம். இரண்டாவதற்கு யசோதரன்தான் காரணம் சொல்ல வேண்டும்.

முடிவாக

திருக்குறளில் கண்ணோட்டம் என்ற அதிகாரத்தின் கடைசிக் குறளை நினைத்துக்கொள்ளுங்கள். பழகியவர் நஞ்சு ஊற்றுவதைக் கண்ணால் பார்த்தும், நாகரிகம் கருதி உண்டு அமைவார்களாம் பெரியோர். நற்றிணையிலும் இந்தக் கருத்து வருகிறது. யசோதரனை இந்த வரிசையில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. அவன் நஞ்சைக் காணவில்லை. கண்ட துரோகத்தையும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை வந்திருக்கும், பிரிவு வந்திருக்கும், அரண்மனை அவமானப்பட்டிருக்கும். கனவு வந்திருக்காது, மாக்கோழி வந்திருக்காது, ஒருவேளை அந்த விருந்தும் வந்திருக்காது.

விஷம் வைக்கிறவன் வேறு ஜாதி மிருகம் என்று நினைத்து நாம் ஆறுதல் அடைகிறோம். காவியம் அந்த ஆறுதலைத் தர மறுக்கிறது. செயலின் அளவில் மாக்கோழிக்கும் நஞ்சுச் சோற்றுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். மனசின் அளவில் இரண்டும் ஒரே தெரு.

இந்தக் காவியம் சிறியது; பொறுமையாகப் படித்தால் நாலு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம். நம் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து சரளமாக வராவிட்டால் நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். கதை முடிந்ததும் அமிர்தமதி கெட்டவளா என்று கேட்காதீர்கள். அதற்கு எல்லாருக்கும் பதில் தெரியும். அந்த மாக்கோழி ஏன் கூவியது என்று கேளுங்கள். அதற்கு அவர்கள் சொல்லும் பதிலை எனக்கும் வந்து சொல்லுங்கள். பொங்கல் விழா அன்று வாசலில் புத்தக மேஜைப் பக்கம்தான் இருப்பேன்.